பிளக் ஏன் பிடித்துக்கொள்கிறது?

மோட்டார் சைக்கிள் பராமரிப்பில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதை யாரும் பெரிய வேலையாக எண்ணுவதில்லை. தொப்பியை உருவி, பிளக் ஸ்பேனரை மாட்டி, இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்று வந்துவிட வேண்டும். பெரும்பாலும் வந்தும் விடுகிறது. ஆனால் நியூ ஜெர்சியில் பனிக்காலம் முழுவதும் கராஜில் நின்ற வண்டியை ஏப்ரலில் வெளியே எடுப்பவருக்கோ, பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்து முதல் முறையாகத் திறந்து பார்ப்பவருக்கோ சில சமயம் ஸ்பேனர் இம்மியும் அசையாது. அமெரிக்காவில் பழுதுபார்ப்புக் கூலி அதிகம் என்பதால் இந்த வேலையைத் தாமே செய்து கொள்பவர்கள் பலர். பிளக் அசையாதபோது ஸ்பேனரின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி, உடல் பாரம் முழுவதையும் போட்டு இழுக்கத் தோன்றும். அப்படி இழுக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பிளக்கை இறுக்கிப் பிடித்திருப்பது உப்பும் நீரும் வெப்பமும் கரியும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செய்த வேலை. அதை அவிழ்க்கவும் கொஞ்சம் காலமும் கொஞ்சம் வேதியியலும் வேண்டும். கையின் வலு கடைசியில், மிகக் குறைவாகச் சேர வேண்டிய ஒன்று.

முதலில் எதிலே எது சிக்கியிருக்கிறது என்று பார்ப்போம். பிளக்கின் நடுவே மின்முனை. அதைச் சுற்றிப் பீங்கான். பீங்கானைச் சுற்றி எஃகுக் கூடு. கூட்டின் கீழ்ப்பகுதியில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை இறங்கும் சிலிண்டர் ஹெட்டோ இன்றைய வண்டிகளில் அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டது. மரையின் விட்டம் பல எஞ்சின்களில் 14 மில்லிமீட்டர். சிறிய, புதிய எஞ்சின்களில் 12 அல்லது 10. வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்கை அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்க வேண்டும் என்று ஜப்பானின் என்ஜிகே நிறுவனத்தின் அட்டவணை சொல்கிறது. 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 மட்டுமே. 25 நியூட்டன் மீட்டர் என்பது 25 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஒரு கையால் எளிதாகத் தரக்கூடிய அளவுதான்.

எளிதாகத் தெரிந்தாலும் அதன் விளைவு சிறியதல்ல. மரை ஒரு சாய்தளம். அது சிறு சுழற்சியைப் பெரும் அழுத்தமாக மாற்றுகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் வழக்கமான கணக்கின்படி, உலர்ந்த 14 மில்லிமீட்டர் மரையில் 25 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் வாஷர் மீது ஏறத்தாழ 900 கிலோ எடைக்கு இணையான விசை உட்காருகிறது. கொடுக்கும் முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்குதான் இப்படிப் பயன்படுகிறது. மீதி ஒன்பது பங்கும் உராய்வைக் கடப்பதிலேயே செலவாகிறது. கழற்றும்போது நம் முன்னால் நிற்கும் எதிரியும் அந்த உராய்வுதான். இப்போது குழாயைச் செருகிக் கைப்பிடியை அரை மீட்டர் ஆக்கி, அதன் மீது 40 கிலோ பாரத்தைப் போட்டால் பிளக்கின் கழுத்தில் இறங்குவது சுமார் 200 நியூட்டன் மீட்டர். இறுக்கிய அளவைப் போல எட்டு மடங்கு. உராய்வு தோற்கலாம், ஆனால் அதற்கு முன்பே வேறொன்று தோற்க வாய்ப்பு அதிகம். எஃகைவிட மென்மையான அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும். அல்லது கூடு அதன் மெலிந்த இடத்தில் முறிந்து, மரைப் பகுதி மட்டும் துளைக்குள்ளேயே தங்கிவிடும். ஸ்பேனர் சற்றுச் சாய்ந்தால் பீங்கான் உடையும். கூடும் முறிந்திருந்தால் பீங்கான் துண்டுகள் சிலிண்டருக்குள் விழும். சில டாலர் பிளக்குக்காக ஹெட்டையே கழற்றி இறக்க நேரிடுவது இப்படித்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, விசையை எப்படிக் கூட்டுவது என்பதல்ல. தேவைப்படும் விசையை எப்படிக் குறைப்பது என்பதே. அதற்கு, உராய்வு எதனால் இவ்வளவு பெருகியது என்று தெரிய வேண்டும்.

முதல் காரணத்தைப் புரிந்துகொள்ள நியூ ஜெர்சிக்காரர்கள் தொலைவுக்குப் போக வேண்டாம். ஜெர்சி சிட்டியின் கரையில் நின்றால் கண்ணெதிரே தெரியும் சுதந்திரதேவி சிலையே போதும். 1886இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையின் மேல்தோல் 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகடு. தகட்டுக்கு உருவம் கொடுத்துத் தாங்கியவை உள்ளே வளைந்து செல்லும் இரும்புப் பட்டைகள். இரும்பும் செம்பும் நேராகத் தொட்டால் ஆபத்து என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் இடையில் அரக்கில் ஊறிய கல்நார்த் துணியை வைத்தார்கள். கடற்காற்றிலும் மழையிலும் அந்தத் துணி நைந்தது. ஈரத்தை உறிஞ்சித் தேக்கியும் வைத்தது. இரு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர் என்று ஆகிவிட்டால் அது ஒரு மின்கலம். இரண்டில் எளிதாக எலக்ட்ரானை இழக்கும் உலோகம் கரையும்; மற்றது பிழைக்கும். சிலையில் கரைந்தது இரும்பு. அதைவிட முக்கியமானது, இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். பெருத்த துரு, பட்டைகளைப் பிடித்திருந்த செம்புக் கொக்கிகளை நெம்பி, ஆணிகளைத் தகட்டிலிருந்தே பிடுங்கியது. 1984 முதல் 1986 வரை நடந்த சீரமைப்பில் பழைய இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளை வைத்து, செம்பு படும் இடங்களில் டெஃப்லான் தடுப்பு கொடுத்தார்கள்.

பிளக் துளையில் நடப்பதும் இதே மின்வேதி அரிப்புதான். இங்கே உலோகங்களின் பங்கு மட்டும் மாறுகிறது. செம்பின் பக்கத்தில் பலியாகும் இரும்பு, அலுமினியத்தின் பக்கத்தில் தப்பித்துக்கொள்கிறது, கரைவது அலுமினியம். கரைந்த அலுமினியம் வெள்ளை மாவு போன்ற ஹைட்ராக்சைடாக மரையின் பள்ளங்களில் படிகிறது. அதன் பருமன் மூல உலோகத்தைப் போல மூன்று மடங்கு. விரிய இடமில்லாத மரைக்குள் மூன்று மடங்காக விரிந்தால் அது ஆப்பாக இறுகும். அதோடு, காய்ந்து கெட்டியான அலுமினிய ஆக்சைடு உப்புத்தாளில் அரைக்கும் பொருளாகப் பயன்படும் அளவுக்குக் கடினமானது. பிளக்கைக் கட்டாயப்படுத்தித் திருப்பினால் அந்தத் துகள்கள் மென்மையான மரையை உழுதுகொண்டே வரும். பிளக் தயாரிப்பாளர்கள் எஃகு மரைக்குத் துத்தநாகமோ நிக்கலோ பூசுவது இதைத் தள்ளிப்போடத்தான். பூச்சு தேயும் வரையில் பாதுகாப்பு. தேய்ந்த பிறகு இல்லை.

இந்த மின்கலத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். இரு வழிகள் உண்டு. வெளியிலிருந்து வருவது மழைநீரும் வண்டி கழுவும் நீரும். பனிக்காலத்தில் நியூ ஜெர்சி சாலைகளில் கொட்டும் உப்பு அந்த நீரைச் சிறந்த மின்கடத்தியாக்குகிறது. பல மோட்டார் சைக்கிள்களில் பிளக் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும்; குழியில் தேங்கும் நீர் வடிய ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு அந்தத் துளையை அடைத்துக்கொண்டால் குழி கிணறாகிவிடும். சுசூகி எஸ்வி650 வண்டியின் முன் சிலிண்டர் இந்தத் தொல்லைக்குப் பெயர் பெற்றது. இரண்டாவது வழி உள்ளேயிருந்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது புகைக்குழாய் வழியே போய்விடும். பனிக்காலத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடும் வண்டியில், ஆவி குளிர்ந்து பிளக்கின் அடி மரையில் நீராகப் படியும். வண்டி கெடாமலிருக்க அவ்வப்போது சற்று ஓடவிடுகிறோம் என்று நினைத்துச் செய்யும் காரியம் மரைக்கு ஈரம் ஊட்டுகிறது.

துளையில் தேங்கும் நீரைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது என்பதற்குச் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மக்கள் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் பே பிரிட்ஜின் புதிய கிழக்குப் பகுதிக்காக 2008இல் செய்யப்பட்ட 96 பெரிய எஃகுத் தண்டுகள், இறுக்கப்படாமல் துளைகளிலேயே சில ஆண்டுகள் இருந்தன. அந்தத் துளைகளில் நீர் தேங்கியது. 2013 மார்ச்சில் அவற்றை இழுத்து இறுக்கினார்கள். சில நாட்களிலேயே 32 தண்டுகள் முறிந்தன. எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிட்டது என்று ஆய்வு காட்டியது. பிளக்கில் நடப்பது அதே வகை அரிப்பு அல்ல. அந்தத் தண்டுகள் மிகக் கடினமான எஃகால் ஆனவை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பாடம் உண்டு. மரையுள்ள உலோகத்தின் நிலையை அதன் மேல்தோற்றம் சொல்லாது. எத்தனை காலம் எந்த ஈரத்தில் கிடந்தது என்ற வரலாறுதான் சொல்லும். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரியாத பொருளின் மீது முழு பலத்தையும் காட்டுவது பொறியியல் ஆகாது.

உராய்வு பெருக இரண்டாவது காரணம் கரி. இதற்கு அமெரிக்காவின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு மோட்டார் சைக்கிளில் அல்ல, டெக்சாஸ் சாலைகளில் எங்கும் காணும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டியில் இருக்கிறது. 2004 முதல் 2008 வரையிலான மாடல்களில் வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வு டிரைட்டன் எஞ்சினின் பிளக், மரைக்குக் கீழே மெல்லிய நீண்ட குழல் ஒன்றைக் கொண்டிருந்தது. குழலும் மேல்கூடும் ஒரே துண்டு அல்ல. இரண்டையும் மடித்து இணைத்திருந்தார்கள். குழலுக்கும் ஹெட்டின் துளைக்கும் இடையிலிருந்த நூலிழை இடைவெளியில் எரிபொருளின் கரி ஆண்டுக்கணக்கில் படிந்து கெட்டியானது. பிளக்கைத் திருப்பும்போது மரை கழன்றது, கரி குழலை விடவில்லை. இணைப்பு பிரிந்து குழல் உள்ளேயே தங்கியது. இப்படிப் பலருக்கும் நேர்ந்ததால், முறிந்த குழலை வெளியே எடுப்பதற்கென்றே தனிக் கருவிகள் சந்தைக்கு வந்தன. வழக்குகள் குவிந்து, ஒஹாயோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு, உடன்பாட்டில் முடிந்தன. கவனிக்க வேண்டியது, இங்கே மரை குற்றவாளியே அல்ல. பிளக்கின் எந்தப் பகுதி சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தவர்கள்தான் முறித்தார்கள்.

ஃபோர்டு தன் பழுதுபார்ப்பாளர்களுக்கு 2008இல் அனுப்பிய தொழில்நுட்ப அறிக்கை இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு நல்ல சான்று. எஞ்சின் அறை வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். பிளக்கை எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்த வேண்டும். கார்புரேட்டர் துப்புரவுத் திரவத்தை அரை முதல் முக்கால் தேக்கரண்டி அளவு குழிக்குள் விட வேண்டும். குறைந்தது 15 நிமிடம் ஊற விட வேண்டும். அதன் பிறகே மெல்ல இறுக்கியும் தளர்த்தியும் வெளியே கொண்டுவர வேண்டும். கிறீச்சென்ற ஒலி கேட்கும், கைக்குக் கடினமாக இருக்கும், பதற வேண்டாம் என்கிறது அறிக்கை. நீளமான ஸ்பேனர் வாங்குங்கள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. லட்சக்கணக்கான எஞ்சின்களைச் செய்த நிறுவனம், தன் கையில் எல்லாக் கருவிகளும் இருந்தும், விடையாகக் கொடுத்தது ஒரு கரைப்பானையும் கால் மணி நேரத்தையும்தான்.

அந்த முதல் எட்டில் ஒரு பங்குச் சுற்று ஏன் தேவை என்பதில்தான் நுட்பமே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பிளக்கில் மரைக்கு மேலே வாஷர் இருக்கிறது. 900 கிலோ விசையில் நசுங்கி உட்கார்ந்த வாஷர், எரியும் வாயு வெளியேறாமல் அடைப்பதற்கென்றே வைக்கப்பட்டது. வாயுவுக்கே வழிவிடாத வாஷர் எண்ணெய்க்கு வழிவிடுமா? பிளக்கைச் சற்றும் அசைக்காமல் மேலிருந்து எண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் காத்திருந்தாலும் பெரும்பகுதி வாஷருக்கு மேலேயே நிற்கும். ஊடுருவும் எண்ணெயால் பயனில்லை என்று சிலர் அடித்துச் சொல்வதன் காரணம் இதுதான். குறை எண்ணெயில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஆகவே முதலில் குழியைக் காற்றால் ஊதித் தூசியையும் மணலையும் அகற்றி, பிளக்குக்குச் சரியான அளவுள்ள ஸ்பேனரை நேராக மாட்டி, கையால் மட்டும் சீராக அழுத்தம் தர வேண்டும். அசையவில்லையென்றால் இம்மியளவு இறுக்கும் திசையில் அழுத்திவிட்டு மறுபடி தளர்த்திப் பார்க்கலாம்; நொறுங்கும் தன்மையுள்ள அரிப்புப் படிவம் இழுப்பைவிடத் திசைமாற்றத்துக்கு எளிதில் விரிசல் விடும். கடுகளவு அசைந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். வாஷரின் பிடி தளர்ந்துவிட்டது. இப்போது எண்ணெய் விட்டால் மரையின் இடுக்குகளில் தந்துகிக் கவர்ச்சியால் அதுவே இறங்கும். கால் மணி நேரம் கழித்து அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டு என்று போக வேண்டும். முன்னும் பின்னும் திருப்பும்போது உதிர்ந்த துகள்கள் எண்ணெயோடு வெளியேறும். ஒரே திசையில் இழுத்தால் அவை பள்ளங்களில் குவிந்து அடுத்த மரையை அடைக்கும்.

இங்கே எழும் முதல் மறுப்பு வெப்பத்தைப் பற்றியது. அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அப்படியானால் எஞ்சினைச் சூடாக்கினால் துளை அகன்று பிளக் தளர வேண்டாமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 மில்லிமீட்டர் துளை 80 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 26 மைக்ரான் அகலும். அதே அளவுள்ள எஃகு 13 மைக்ரான் விரியும். கிடைக்கும் இடைவெளி 12 அல்லது 13 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஆறில் ஒரு பங்கு. ஆக அந்த எண்ணத்தில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையல்ல. அலுமினியம் குறுக்கே மட்டுமல்ல, நெடுக்கிலும் எஃகைவிட அதிகம் விரிகிறது. அதனால் வாஷருக்கும் மரைக்கும் இடையிலுள்ள பிடி சூட்டில் சற்றுக் கூடும். மேலும், காற்றால் குளிரும் எஞ்சினில் ஓடி நிறுத்தியவுடன் பிளக்கின் அடி 150 டிகிரியைத் தாண்டியிருக்கலாம்; அந்தச் சூட்டில் அலுமினிய மரை வலு குறைந்து, எஃகோடு ஒட்டிக் கிழியத் தயாராக இருக்கும். கை சுடும் என்பது தனி. எனவே ஆறிய எஞ்சினில் தொடங்குவதே விதி. எண்ணெய் ஊறிய பிறகும் அசையாத பிளக்குக்கு, தொட்டால் பொறுக்கும் அளவுக்கு எஞ்சினை வெதுவெதுப்பாக்கி முயல்வது அடுத்த படி. ஓடி வந்த சூட்டோடு ஸ்பேனரை மாட்டுவது எந்தப் படியிலும் சேராது.

இரண்டாவது மறுப்பு, கையில் கிடைத்த எண்ணெய் போதாதா என்பது. வீட்டுக்கு வீடு இருக்கும் டபிள்யூடி-40, 1953இல் சான் டியேகோவில் நீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. அந்த வேலையை நன்றாகவே செய்யும். இறுகிய மரைக்கென்றே தயாரித்த ஊடுருவும் எண்ணெய்கள் தனியாகக் கிடைக்கின்றன. சிக்கியிருப்பது அரிப்பு என்றால் அவையே மேல். சிக்கியிருப்பது கரி என்றால் கரியைக் கரைக்கும் துப்புரவுத் திரவம் வேண்டும். குழியில் வெள்ளை மாவும் துருவும் தெரிந்தால் அரிப்பு என்றும், முதல் அசைவு எளிதாக வந்து பாதி வழியில் இறுகினால் அடியில் கரி என்றும் ஊகிக்கலாம். எதை விட்டாலும் அளவு சிறிதாக இருக்கட்டும். இவை தீப்பற்றும் திரவங்கள், ஆறிய எஞ்சினும் காற்றோட்டமான இடமும் கட்டாயம். திரவத்தில் கொஞ்சம் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். புதிய பிளக்கை மாட்டுவதற்கு முன், தீப்பொறி வராதபடி மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு எஞ்சினைச் சில முறை சுழற்றி அதை வெளியேற்ற வேண்டும். திரவம் அமுங்காது; நிறைய தேங்கியிருந்தால் எஞ்சினின் உள்ளுறுப்புகளை வளைத்துவிடும்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. முன்கூட்டியே மரையில் ஆன்டி-சீஸ் பசையைத் தடவிவிட்டால் இந்தப் பாடே வேண்டாமே என்பது அது. பசை பிளக்கை விடுவிக்கும் என்பது உண்மை. ஆனால் பூச்சுள்ள தன் பிளக்குகளில் அதைத் தடவ வேண்டாம் என்று என்ஜிகே சொல்கிறது. காரணம் மேலே பார்த்த உராய்வுக் கணக்கிலேயே இருக்கிறது. முறுக்குவிசையின் பெரும்பங்கை உராய்வு தின்னும் என்று வைத்துத்தான் 25 நியூட்டன் மீட்டர் என்று அட்டவணை போடப்பட்டது. பசை உராய்வைக் குறைத்துவிட்டால் அதே 25 நியூட்டன் மீட்டர் மரையை மிக அதிகமாக இழுக்கும். கூடு நீளும், அலுமினிய மரை கிழியும். கழற்றும் நாளில் நேரவிருந்த சேதம் மாட்டும் நாளிலேயே நேர்ந்துவிடும். எஞ்சின் கையேடு பசையைக் கேட்டால், கையேடு சொல்லும் இடத்தில், சொல்லும் முறுக்குவிசையில் போடலாம். ஃபோர்டின் அறிக்கை பசையை அனுமதித்ததும் மரையில் அல்ல, கரி பிடிக்கும் அந்தக் குழலின் மீது மட்டுமே. எது எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் மருந்து வைத்ததற்கு அது நல்ல முன்மாதிரி.

நான்காவதாக ஒன்று கேட்கப்படும். சென்னையிலோ மதுரையிலோ சாலையோர மெக்கானிக் ஒரு நிமிடத்தில் பிளக்கைக் கழற்றிவிடுகிறாரே, அமெரிக்காவில் மட்டும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் அமெரிக்காவிலும் விற்கின்றன. உலோகம் அதே உலோகம்தான். வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் சர்வீஸ் என்றாலே பிளக்கை வெளியே எடுத்து, உப்புத்தாளில் கரியைத் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்து மறுபடி மாட்டுவது நெடுநாள் வழக்கம். மின்முனைக்காகச் செய்யும் அந்த வேலை, யாரும் திட்டமிடாமலேயே மரையையும் காப்பாற்றி வருகிறது. சென்னைக் கடற்காற்றிலும் உப்பு உண்டு. ஆனால் அரிப்பு கெட்டிப்படுவதற்குள் மரை அசைந்துவிடுகிறது. அமெரிக்க வழக்கம் நேர்மாறானது. பிளாட்டினமும் இரிடியமும் பதித்த பிளக்குகள் எளிதில் தேய்வதில்லை. ஃபோர்டின் அந்த எஞ்சினுக்குப் பிளக் மாற்றும் கெடு 1,00,000 மைல், அதாவது 1,60,000 கிலோமீட்டர். அத்தனை ஆண்டுகள் யாரும் தொடாத பிளக்கைத்தான் கரி பிடித்துக்கொண்டது.

இந்தக் கட்டுரையின் மையமான செய்தி இதிலிருந்துதான் பிறக்கிறது. பிளக்குக்கு இரண்டு ஆயுள்கள் உண்டு. ஒன்று மின்முனையின் ஆயுள். அதைக் கிலோமீட்டரில் அளக்கலாம், கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். மற்றொன்று மரையின் விடுபடும் ஆயுள். அது கிலோமீட்டரில் ஓடுவதில்லை, நாட்காட்டியில் ஓடுகிறது. ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி, நான்கைந்து மாதம் குளிரில் நிற்கும் நியூ ஜெர்சி வண்டியில் மின்முனை புதிதாகவே இருக்கும். மரை கிழடு தட்டியிருக்கும். உலோகவியல் முன்னேற்றம் முதல் ஆயுளை நீட்டித்தது. அதனாலேயே இரண்டாவது ஆயுள் தீர்ந்துபோனதை நாம் கவனிக்காமல் விடும் நிலை வந்தது. ஓடுகிற வண்டியின் பிளக்கை ஏன் தொட வேண்டும் என்று கேட்பவர்களுக்கான விடை இதுவே. மாற்றுவதற்காக அல்ல, விடுபடுகிறதா என்று பார்ப்பதற்காகவேனும் ஆண்டுக்கு ஒரு முறை, எஞ்சின் ஆறிய பின், பிளக்கைக் கழற்றி மாட்ட வேண்டும்.

அத்தனையும் செய்தும் மரை போய்விட்டால் வண்டியே போய்விட்டதாக எண்ண வேண்டாம். பழைய துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளைப் பதிப்பார்கள். ஹெலிகாயில் என்று கேட்டால் எந்தப் பட்டறையிலும் தெரியும். சரியாகப் பதித்தால் அது முதலில் இருந்த அலுமினிய மரையைவிட உறுதியானது. மரை வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பிக்கொண்டால் அலுமினியச் சீவல்கள் சிலிண்டருக்குள் உதிராமல் அதில் ஒட்டிக்கொள்ளும். கூடு முறிந்து உள்ளே தங்கிவிட்டால் மட்டும் அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் கொடுப்பதே நல்லது. அங்கே ஒரு தவறு நேர்ந்தால் ஹெட்டைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது.

புதிய பிளக்கை மாட்டும் நாளில்தான் அடுத்த முறை அது விடுபடுமா என்பது முடிவாகிறது. மரைத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். நீர் வடியும் துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பிளக்கை ஸ்பேனரால் தொடங்காமல் விரலால் கடைசி வரை திருகுங்கள். விரலுக்கு வழிவிடாத மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். அதன் பிறகு, முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆட்டோஸோன், ஓ'ரைலி போன்ற உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி எடுத்துப் போய், திருப்பிக் கொடுக்கும்போது பணத்தை முழுமையாகப் பெற்றுக்கொள்ளலாம். அதுவும் முடியாதபோது, வாஷருள்ள புதிய 14 மில்லிமீட்டர் பிளக்கை விரலால் இறுகிய பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரையும், ஏற்கெனவே பயன்படுத்தியதைப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று மட்டும் திருப்பினால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். நீளக் குழாய் தேவைப்படும் நாள் உங்கள் வண்டிக்கு வராது.